பட்டறைத் திண்ணை: போல்ட்டை இறுக்கினால் ஆட்டம் நிற்கிறது, ஹேண்டிலும் நிற்கிறது!

கேள்வி: அண்ணே, ஷார்ஜாவில் பதாயர் பக்கம் ஒரு பாலைவன சஃபாரி கேம்ப்பில் குவாட் பைக்குகளை (நாலு சக்கர பைக்) பார்த்துக்கொள்கிற வேலை எனக்கு. சொந்த ஊர் தொண்டி. முதலாளி தனக்கென்று ஒரு யமஹா ராப்டர் 700 குவாட் வைத்திருக்கிறார். ஆள் ஆறடிக்கு மேல் உயரம், நின்று ஓட்டினால் முதுகு வளைகிறது என்று ஆன்லைனில் 2 அங்குலம் உயரம் கூடின ஸ்டெம் (ஹேண்டிலைத் தாங்கித் திருப்புகிற தண்டு) ஒன்றை வாங்கிக் கொடுத்தார். நான்தான் மாட்டினேன். மூன்றாவது வெள்ளிக்கிழமையே ஹேண்டில் 'டக் டக்'கென்று ஆட ஆரம்பித்துவிட்டது. ஸ்டெம்மின் மேல்பக்கத்தைப் பிடிக்கிற மேல் கிளாம்ப் போல்ட்டை இறுக்கினால் ஆட்டம் நிற்கிறது, ஆனால் ஹேண்டில் கனத்துப்போகிறது. கொஞ்சம் தளர்த்தினால் மறுபடியும் டக் டக். கிளாம்ப்புக்குள் ஸ்டெம்மைச் சுற்றி இருக்கிற புஷ்ஷைப் புதிதாகப் போட்டும் தீரவில்லை. ஸ்டெம்மே போலியா? முதலாளி ஒன்றும் சொல்லவில்லை, முகத்தை மட்டும் பார்க்கிறார்.
– பெயர் வேண்டாம், ஷார்ஜா

பதில்: தம்பி, முதலில் அந்தக் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்திவிட்டு வண்டியை ஓரம் கட்டுங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

ஏன் இவ்வளவு அவசரம் என்றால், இதே தப்பை நான் செய்திருக்கிறேன். 2004இல் ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் வேலை பார்த்தபோது ஒரு யமஹா பான்ஷீ குவாட் வந்தது. அதே வெளிக்கம்பெனி ஸ்டெம், அதே ஆட்டம். காலை எட்டு மணிக்கு ஷெட்டுக்குள் வைத்து, ஆட்டம் போகிறவரை மேல் கிளாம்ப்பை இறுக்கினேன். ஹேண்டில் கொஞ்சம் கனமாகத்தான் இருந்தது, ஓட ஓடச் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நண்பகலில் பிக் ரெட் மணல்மேட்டுக்குக் கொண்டுபோய் ஓட்டிப் பார்த்தேன். சரிவில் இறங்கும்போது இடப்பக்கம் ஒடித்தேன். ஒடித்த ஹேண்டில் ஒடித்தபடியே நின்றுவிட்டது. வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வலது காறை எலும்பு முறிந்து, ஆறு வாரம் இடது கையால் சாப்பிட்டேன்.

நடந்தது இதுதான். மேல் புஷ் பிளாஸ்டிக். வெயில் ஏறினால் பிளாஸ்டிக் இரும்பைவிடப் பல மடங்கு விரியும். நிழலில் 'கொஞ்சம் கனம்' என்று விட்டது வெயிலில் பிரேக் மாதிரி பிடித்துக்கொண்டது. மேல் புஷ்ஷின் வேலை ஸ்டெம்மைப் பிடித்து நிறுத்துவதில்லை, அது பக்கவாட்டில் சாயாமல் வழிகாட்டுவது மட்டும்தான். அந்தப் போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று மேனுவலில் ஒரு டார்க் அளவு போட்டிருக்கும், ஆட்டத்துக்கு மருந்தாக அதற்கு மேல் ஏற்றக் கூடாது. 8 மில்லி போல்ட் அது. அதை இறுக்கி ஆட்டத்தை அடக்குவது, காய்ச்சல்காரன் வாயில் துணியை அடைத்து முனகலை நிறுத்துகிற மாதிரி.

இப்போது உங்கள் வண்டிக்கு வருவோம். கடிதத்தில் நீங்களே நோயைப் பாதி சொல்லிவிட்டீர்கள். புஷ் புதிதாகப் போட்டும் ஆட்டம் போகவில்லை, மேலே நெரித்துப் பிடித்தால் நிற்கிறது. அப்படியென்றால் மேல் புஷ் வேறு எங்கோ நடக்கிற ஆட்டத்தை உராய்வால் மறைக்கிறது. நான் முதலில் பார்ப்பது கீழ் முனையைத்தான். ஆனால் கழற்றுவதற்கு முன்னால் ஆட்டத்தின் திசையைத் தெரிந்துகொள்ளுங்கள். கால் மணி நேரம் ஆகும். அதைச் செய்யாமல் பேரிங் வாங்க ஓடுகிறவர்கள் இரண்டு பேரிங் வாங்குவார்கள்.

ஃபிரேமுக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுத்து முன்சக்கரம் இரண்டும் தரையைத் தொடாமல் தூக்கி நிறுத்துங்கள். கேம்ப்பில் இருக்கிற யாராவது ஒரு பையனை ஹேண்டிலைப் பிடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் மேல் கிளாம்ப்பில் ஒரு விரலை வையுங்கள், விரல் பாதி கிளாம்ப்பிலும் நகம் ஸ்டெம்மிலும் படுகிற மாதிரி. கண்ணுக்குத் தெரியாத அசைவுகூட நகத்துக்குத் தெரியும். பையன் ஹேண்டிலை முன்னும் பின்னும் தள்ளட்டும். நகம் துடித்தால் புஷ்ஷில் இடைவெளி. பிறகு இதையே கீழ் பேரிங் பக்கம் செய்யுங்கள். அடுத்து, பையன் ஹேண்டிலை இரண்டு கையாலும் மேலே தூக்கி இறக்கட்டும். உங்கள் 'டக் டக்' இதில்தான் வரும் என்று நான் பந்தயம் கட்டுவேன். கடைசியாக, தூக்காமல் இடம் வலம் மட்டும் மெதுவாக ஆட்டச் சொல்லுங்கள். ஹேண்டில் நகர்ந்து சக்கரம் நகரவில்லை என்றால் அது ஸ்டெம் கதையே இல்லை. டை ராட் (ஸ்டெம்மையும் சக்கரத்தையும் இணைக்கிற கம்பி) முனை, பால் ஜாயின்ட், அல்லது ஹேண்டில்பாரை ஸ்டெம்மோடு பிடிக்கிற கிளாம்ப். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டி ஹப் பேரிங்கையும் அப்போதே பார்த்துவிடுங்கள், மணலில் ஓடுகிற வண்டியில் அதை நம்பவே முடியாது.

தூக்கி இறக்கும்போது ஆடினால், வண்டிக்கு அடியில் படுங்கள். ஸ்டெம்மின் கீழ் நட்டும் அது கழன்றுவிடாமல் குறுக்கே மாட்டிய காட்டர் பின்னும் தெரியும். நட்டுக்கு மேலே வாஷர், அதற்கு மேலே பேரிங். ஸ்குரூ டிரைவர் நுனியை அந்த வாஷரின் விளிம்பில் வைத்து ஒரு தட்டு தட்டுங்கள். நட்டு முழுக்க இறுகியிருக்கும்போதே வாஷர் தானாகச் சுற்றினால், கேஸ் முடிந்தது.

அர்த்தம் என்னவென்றால், ஸ்டெம்மின் அடியில் மரை தொடங்குவதற்கு முன்னால் மொழுமொழுவென்று ஒரு தண்டு இருக்கும். அதுதான் பேரிங்குக்குள் நுழைகிற பகுதி. மேலே ஸ்டெம்மின் தோள் (தண்டு தடிக்கிற விளிம்பு), கீழே நட்டு, இரண்டும் சேர்ந்து பேரிங்கின் உள்வளையத்தைக் கவ்விப் பிடிக்க வேண்டும். வெளிக்கம்பெனிக்காரன் அந்தத் தண்டை ஒரு மில்லி நீளமாகக் கடைந்துவிட்டால் நட்டு மரை முடிகிற இடத்தில் போய் முட்டி நின்றுவிடும். உங்கள் கைக்கு 'இறுகிவிட்டது' என்று தெரியும், டார்க் ரென்ச்சும் கிளிக் சொல்லும். ஆனால் பேரிங்கை ஒன்றும் பிடிக்கவில்லை. ஸ்டெம் அந்த ஒரு மில்லிக்குள் மேலும் கீழும் குதிக்கிறது. மணல்மேட்டில் ஒரு மணி நேரத்தில் எத்தனை குதி என்று எண்ணிப் பாருங்கள். மூன்று வெள்ளிக்கிழமை தாங்கியதே பெரிசு.

இதற்கு வைத்தியம் மலிவு. காட்டர் பின்னை எடுத்துவிட்டு நட்டு முட்டுகிறவரை இறுக்கி, வாஷருக்கும் பேரிங் உள்வளையத்துக்கும் இடையே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். 0.8 மில்லி இடைவெளி வந்தால் ஒன்றரை மில்லி தடிமனில் இன்னொரு வாஷர் போட வேண்டும். ஹார்டுவேர் கடையில் கிலோ கணக்கில் விற்கிற வாஷர் வேண்டவே வேண்டாம், அது மெதுவாகக் குழிந்து ஆட்டத்தைத் திரும்பக் கூட்டி வரும். லேத்து பட்டறையில் சொல்லி, பதம் பிடித்த இரும்பில் இரண்டு முகமும் சமமாகச் செய்து வாங்குங்கள். வெளி விட்டம் முக்கியம், தம்பி. வாஷர் உள்வளையத்தில் மட்டும் உட்கார வேண்டும். வெளிவளையத்தையோ ரப்பர் சீலையோ தொட்டால் ஹேண்டில் மறுபடியும் கனக்கும். போட்டபின் நட்டைப் புத்தக அளவுக்கு இறுக்குங்கள். காட்டர் பின் துளை நேர்படவில்லை என்றால் நட்டின் அடுத்த காடி (வெட்டு) வரும்வரை இன்னும் இறுக்கலாம், திருப்பித் தளர்த்தக் கூடாது. பின் புதிதாக இருக்கட்டும். பழைய பின்னை நிமிர்த்தி மறுபடி மாட்டுகிற பழக்கம் நம்ம ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் உண்டு, எனக்கும் இருந்தது.

வாஷர் சுற்றவில்லை, நட்டு சரியாகக் கவ்வுகிறது, ஆனாலும் மேலும் கீழும் ஆட்டம் என்றால் இரண்டு சந்தேகம். ஒன்று, பேரிங்கே தேய்ந்திருக்கும், அல்லது ஃபிரேமில் அதைப் பிடித்திருக்கிற வளையம் சரியாக உட்காராமல் பேரிங் மொத்தமாகவே நகரும். அந்த வளையம் மாடலைப் பொறுத்து சர்க்ளிப்பாகவோ (காடியில் விழுகிற வில்வளையம்) மரை போட்ட ரிட்டெய்னராகவோ இருக்கும், காடியில் மணல் இறுகியிருந்தால் முழுசாக விழாது. இன்னொன்றை நான் ஒரே ஒரு வண்டியில்தான் பார்த்தேன், ஆனால் மறக்கவில்லை. ஸ்டெம்மின் தோளுக்கு மேலே டை ராட் பிடிக்கிற தகட்டை வெல்டிங் செய்திருப்பார்கள் அல்லவா, அந்த வெல்டிங்கிலிருந்து தெறித்த ஒரு பொறி, பச்சரிசி அளவுதான், தோளில் ஒட்டியிருந்தது. அதற்கு மேல் கறுப்புப் பவுடர் கோட்டிங், அதனால் கண்ணுக்குத் தெரியவில்லை. பேரிங் அந்த அரிசியில் முட்டிக் கோணலாக உட்கார்ந்திருந்தது. இரண்டு பேரிங்கை மாற்றி, கடைக்காரனோடு சண்டையும் போட்ட பிறகு, தோளில் மார்க்கர் மை தடவிச் செருகி எடுத்துப் பார்த்தேன். ஒரே ஒரு புள்ளியில் மட்டும் மை அழிந்திருந்தது. அரம் எடுத்து இரண்டு இழுப்பு, முடிந்தது. உங்கள் ஸ்டெம்மைக் கழற்றினால் அந்தத் தோளை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள்.

பேரிங் மாற்ற வேண்டியிருந்தால் பழையதை எப்படி வேண்டுமானாலும் தட்டி எடுங்கள், புதியதை வெளிவளையத்தில் மட்டும் தட்டி ஏற்றுங்கள். உள்வளையத்தில் சுத்தியல் பட்டால் அது அன்றைக்கே பழைய பேரிங். கேம்ப்பில் ஃபிரீசர் இருக்குமே, பேரிங்கை ராத்திரி முழுக்க அதில் போட்டுவிட்டு, காலையில் ஃபிரேம் பக்கத்தை ஹீட் கன்னால் சூடாக்கினால் பாதி வேலை குறையும். சமையல்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அடுத்து மேல் புஷ். நீங்கள் போட்டது ஒரிஜினல் ஸ்டெம்முக்கான புஷ்ஷாக இருக்கும். புது ஸ்டெம் அதே விட்டம்தானா என்று வெர்னியர் அளவுகோல் வைத்துப் பார்த்தீர்களா? புஷ் உட்காருகிற இடத்தில் பவுடர் கோட்டிங் இருந்தால் அது முதல் இரண்டு வாரம் தடிமன் கூட்டிக் காட்டும், பிறகு தேய்ந்து போகும். போனது ஆட்டமாக மிச்சம் இருக்கும். ஆகவே அந்த இடத்துப் பூச்சை எமரி தாளால் முழுக்க எடுத்து, வெறும் இரும்பை நாலு இடத்தில் அளந்து, அந்த அளவுக்குப் புஷ் கடையச் சொல்லுங்கள். இடைவெளி 0.1 மில்லி போதும்.

பொருள் அசிட்டால், கடைகளில் டெல்ரின் என்று கேட்டால் கொடுப்பார்கள். நைலான் வேண்டாம், நைலான் ஈரம் குடித்து ஊதும். வளைகுடாவில் ஆகஸ்ட் மாதப் புழுக்கம் உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? லேத்துக்காரரிடம் இன்னொன்றை அழுத்திச் சொல்லுங்கள்: முதலில் உருளையை இரண்டாக அறுத்து, இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்து, அதற்குப் பிறகுதான் துளையைக் கடைய வேண்டும். அவசரக்காரர் துளையைக் கடைந்துவிட்டு அறுப்பார். ரம்பம் தின்ற தடிமன் போய், வட்டமான துளை முட்டை வடிவமாகிவிடும். பக்கவாட்டில் ஆட்டமும் முன்பின்னில் நெரிசலும் ஒரே புஷ்ஷில் இருந்தால் இப்படி அறுத்ததாகத்தான் இருக்கும்.

லேத்து வேலை முடிகிற வரைக்கும் தற்காலிகமாக ஏதாவது செய்ய வேண்டுமானால், குளிர்பான டின்னைக் கத்தரித்து ஒரு பட்டை எடுங்கள். அந்தத் தகடு சுமார் 0.1 மில்லி இருக்கும். அதை புஷ்ஷுக்கும் கிளாம்ப்புக்கும் நடுவில், வெளிப்பக்கம் வையுங்கள். ஸ்டெம்முக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் வைத்தால் ஸ்டெம்மைக் கீறிவிடும். இது கேம்ப்புக்குள் வண்டியை நகர்த்தத்தான், முதலாளி மேடு ஏறுவதற்கு இல்லை.

ஸ்டெம் போலியா என்று கேட்டீர்கள். படம் பார்க்காமல் சொல்ல மாட்டேன், எந்தக் கம்பெனி என்று நீங்கள் எழுதினதையும் இங்கே போடவில்லை. நல்ல பெயர் எடுத்த கம்பெனி ஸ்டெம்மிலும் ஒரு மில்லி தப்பு வரும், சந்தைச் சரக்கில் துல்லியமானதும் வரும். ஆனால் ஒன்று மட்டும் பார்த்தால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள்: டை ராட் தகடு வெல்டிங் ஓரத்தில் மயிரிழை மாதிரி துருக்கோடு. அதற்கு மேல் மறுபடி வெல்டிங் போட்டு ஓட்டலாம் என்று யாராவது சொன்னால், ஓட்டப்போவது அவரா என்று கேளுங்கள். டை ராட் போல்ட் துளை நீள்வட்டமாகியிருந்தாலும் அதே கதைதான்.

முதலாளிக்கு ஒரு கணக்கு சொல்லுங்கள், முகம் கொஞ்சம் மாறும். கீழ் பேரிங்கிலிருந்து மேல் புஷ் வரை 400 மில்லி என்றும், அங்கிருந்து ஹேண்டில்வரை 100 மில்லி என்றும் வைத்துக்கொள்வோம். 2 அங்குலம் கூட்டினால் மேல்பகுதி 150 ஆகிறது. அதே அளவு தள்ளினால் மேல் புஷ் தாங்குகிற பளு பத்தில் ஒரு பங்குதான் கூடும். கீழ் பேரிங்கின் பளுவோ ஒன்றரை மடங்காகிவிடும். நெம்புகோல் கணக்குத்தான், கிணற்று ஏற்றம் பார்த்தவர்களுக்குப் புரியும். உயர ஸ்டெம் போட்டவர் கீழ் பேரிங்கை முன்னைவிட அடிக்கடி பார்த்தே ஆக வேண்டும், அது யார் குற்றமும் இல்லை. வண்டி கழுவும்போது பிரஷர் தண்ணீரை நேராக அந்த பேரிங்கில் பீய்ச்சாதீர்கள், சீலைத் தாண்டி உள்ளே போய்விடும்.

ஸ்டெம் உயர்ந்ததும் பிரேக் ஹோஸும் ஆக்ஸிலரேட்டர் கேபிளும் இழுபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். வண்டியை நியூட்ரலில் ஓடவிட்டு ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாக ஒடியுங்கள். ஒடிக்கும்போது இன்ஜின் சத்தம் ஏறினால், ஆட்டத்தைவிடப் பெரிய ஆபத்து அது.

கேள்வி: எங்கள் ரிசார்ட்டில் இரண்டு ஏடிவி (கரடுமுரடான நிலத்தில் ஓடுகிற வண்டி) ஓடுகிறது. ஒன்றில் அதிர்வு குறைக்கிற ரப்பர் கிளாம்ப் மாட்டியிருக்கிறோம். ஹேண்டிலை அழுத்தினால் கொஞ்சம் கொடுக்கிறது. ஸ்டெம்மில் ஆட்டமா?
– வாசகர், ஏற்காடு

பதில்: ரப்பர் கொடுத்தால்தானே ரப்பர்! அழுத்தினால் மெத்தென்று போய்த் தானாகத் திரும்பி வந்தால் அது குறை இல்லை. 'டக்' என்று சத்தம் வந்தாலோ, போன இடத்திலேயே நின்றாலோதான் ஆட்டம். ரப்பரில் நகத்தை அழுத்திப் பாருங்கள், பதியாமல் வழுக்கினாலோ ஓரத்தில் வெடிப்பு இருந்தாலோ இரண்டு பக்கத்தையும் ஜோடியாக மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் ஹேண்டில் ஒரு பக்கமாகவே இழுக்கிற மாதிரி இருக்கும், வாடிக்கையாளர் இறங்கியதும் புகார் சொல்வார்.

கேள்வி: நாங்கள் பாஹா போட்டிக்காக ஏடிவி கட்டும் கல்லூரி அணி. ஸ்டியரிங் வீலைச் சுற்றினால் கொஞ்ச தூரத்துக்கு சக்கரம் திரும்புவதில்லை. ரேக்கை (வீல் சுற்றுவதை டை ராடுக்குக் கொண்டுபோகிற பல்சட்டம்) மாற்று என்கிறார்கள் அணியில். பட்ஜெட் இல்லை.
– மாணவி, கோயம்புத்தூர்

பதில்: தங்கச்சி, ரேக்கின் மேல் கை வைக்காதே. கரெக்‌ஷன் பேனா எடுத்துக்கொள். ஸ்டியரிங் வீல் பொருந்துகிற இடம், யூனிவர்சல் ஜாயின்ட்டின் இரண்டு பக்கம், பினியன் (ரேக்கை நகர்த்துகிற பல்சக்கரம்) தண்டு, டை ராட் முனை என்று ஒவ்வொரு இணைப்பின் குறுக்கேயும் ஒரு நேர்க்கோடு போடு. ஒருத்தர் வீலை மெதுவாக ஆட்ட, நீ மேலிருந்து கீழே ஒவ்வொரு கோடாகப் பார்த்துக்கொண்டு வா. எந்தக் கோடு இரண்டாக உடைகிறதோ அங்கேதான் ஆட்டம். நூற்றுக்கு நூறு ரேக்தான் என்று சண்டை போட்ட பையன்களையே ஆட்டச் சொல், வேடிக்கையாக இருக்கும்.

யூனிவர்சல் ஜாயின்ட்டைத் தண்டில் ஒரே ஒரு கிரப் ஸ்க்ரூவால் (தலையில்லாத சின்னத் திருகு) பிடித்திருந்தால் பெரும்பாலும் அங்கேதான் உடையும். மழமழப்பான தண்டை அது உராய்வால் மட்டும் பிடிக்கிறது, நாலு பள்ளத்தில் நழுவிவிடும். இரண்டையும் சேர்த்துக் குறுக்கே துளையிட்டு, சரியான அளவில் பின் அடியுங்கள். முடிந்தால் ஸ்பிளைன் (நீளவாட்டில் வெட்டிய பற்கள்) போட்ட தண்டும், அதை நெரித்துப் பிடிக்கிற போல்ட்டும். பின் அடித்த பிறகும் ஏதாவது கோடு உடைந்தால் படம் எடுத்து அனுப்பு, அடுத்த இதழில் பார்க்கலாம்.